வீரணன் டீச் செலவு

வீரணன் செத்து மூன்று வருஷம் ஆன பிறகும், தினமும் காலை பத்து மணிக்கு அவன் குடித்த டீக்குப் பன்னிரண்டு ரூபாய் கடைக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கல்லாவிலும் சரியாகப் பன்னிரண்டு ரூபாய் குறைந்தது. எதிர்த்த டீக்கடையில் காளை மாஸ்டர் ஒரு கிளாஸ் போட்டு ஓரமாக வைப்பார். திரும்பிப் பார்த்தால் கிளாஸ் காலியாக இருக்கும், பக்கத்தில் சில்லறை கிடக்கும். கோச்சடையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரி வராததைப் பற்றித்தான் அப்போது தெரு முழுக்கப் பேச்சு.

கடையை அவன் மனைவி சோலை நடத்தினாள். சேர், அண்டா, ஜமுக்காளம் எல்லாம் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிற கடை. கணக்கு, மாதச் சந்தா கட்டும் ஒரு மென்பொருளில் இருந்தது. அதில் வீரணன், சோலை என்று இரண்டு பெயர். ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா. செத்தவன் பெயருக்கும் சோலை விடாமல் கட்டி வந்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில், ஒரு நாளில் அவளிடம் யாராவது பேசினார்கள் என்றால் அது 'டீ, 12, பதிந்தவர் வீரணன்' என்ற அந்த ஒரு வரிதான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் காலைச் சாப்பாடு இறங்கும்.

சித்திரையில் சந்தா இரட்டிப்பானது. கல்யாண மண்டபங்களே சேரும் அண்டாவும் வாங்கிப் போட்டுவிட்டதால் கடை அதைத் தாங்காது. ஆடிட்டர் ஆபீஸ் ஹரிஷங்கர் வந்து பார்த்தான்.

"எதுக்குக்கா இம்புட்டு தண்டம்? சாதா டெக்ஸ்ட் ஃபைல் போதும். காசு எங்கேருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு நீங்களே வரிவரியா டைப் அடிங்க. கூட்டிப் பாக்குற புரோகிராம் இலவசம்."

"அவரு எப்படி எழுதுவாரு?" என்றாள் சோலை.

"இதுல பாஸ்வேர்டே இல்லையேக்கா. யாரு வேணாலும் எழுதலாம்."

ஹரிஷங்கர் வேலையில் படு சுத்தமானவன். பதினோரு வருஷக் கணக்கையும் ஒரு வரி விடாமல் இரண்டே நாளில் மாற்றிக் கொடுத்தான்.

மறுநாள் பத்து மணிக்கு வரி வரவில்லை. காளை போட்ட டீ ஏடு கட்டி ஆறியது. கல்லா பைசா பிசகாமல் நின்றது. மூன்றாம் நாள் சோலை பன்னிரண்டு ரூபாயை எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு, உள்ளே போய் அண்டாக்களை எண்ணிவிட்டு வந்தாள். காசு வைத்தபடியே இருந்தது. பன்னிரண்டு நாள் கணக்கு இப்படிச் சரியாக வந்தது. வியாபாரிகள் வேண்டிக் கேட்கிற வரம் அது. சோலைக்கோ அவன் இன்னொரு தரம் செத்தது போல இருந்தது. முதல் சாவுக்காவது தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியாமல் அவள் கல்லாவில் உட்கார்ந்தபடி அழுதாள்.

அன்று மத்தியானம் வேலை ஓடாமல் ஃபைலை மேலிருந்து கீழே வாசித்தாள். எல்லாம் வெறும் எழுத்தாகக் கிடப்பதால் யாரும் வாசிக்கலாம். ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் தொடங்கிய தேதி இருந்தது. 'வீரணன் டீ' என்ற தலைப்புக்கு மட்டும் மூடிய தேதியும் இருந்தது. அது அவன் செத்த தேதி. அதற்குப் பிறகு குடித்த டீயெல்லாம் கணக்கை மாற்றியபோது சில்லறைச் செலவுக்குப் போயிருந்தது. மூடிய தலைப்பில் எழுதினால் புரோகிராம் தப்பு என்று காட்டும். வீரணன் உயிரோடிருந்தபோதே தப்பாக ஒரு வரி எழுதியவன் இல்லை.

சோலை ஹரிஷங்கருக்குப் போன் போட்டாள். "யாரு தம்பி அவரு கணக்க மூடச் சொன்னது?"

"இறந்தவங்க கணக்க மூடுறது வழக்கம்தானக்கா."

"நான் மூடலையே."

போனை வைத்துவிட்டு, மூடிய தேதி இருந்த வரியைச் சோலை அழித்தாள். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, விட்டுப்போன பன்னிரண்டு நாள் டீயும் அதனதன் தேதியில் வந்து உட்கார்ந்தன. கல்லாவில் நூற்று அறுபத்தெட்டு ரூபாய் குறைந்தது. அன்றைய வரியில் மட்டும் டீ இரண்டு என்றிருந்தது.

"மதினி, பழைய பாக்கியெல்லாம் வந்துருச்சு," என்று காளை எதிரேயிருந்து குரல் கொடுத்தார். "இன்னைக்கு ரெண்டுக்குக் காசு வச்சிருக்காரு. ஆறிப்போகும், வாங்க."

சோலை கடையைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போய்க் குடித்தாள். பிறகு தினமும் போனாள். பக்கத்துக் கிளாஸ் குறைவதை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. தன் டீயை ஊதிவிட்டு நிமிர்வதற்குள் அது காலியாகிவிடும். வருஷக் கடைசியில் கணக்கு முடிக்க வந்த ஹரிஷங்கர் அந்தத் தினசரி இருபத்து நான்கு ரூபாயை வேலையாட்கள் செலவில் சேர்த்து, பக்கத்தில் ஆட்கள் இரண்டு என்று குறித்துவிட்டுப் போனான்.