அடைக்கோழிக்கு மூன்று நாள்

சுகாதாரப் பரிசோதகர் கிருசாந்தன் வெள்ளிக்கிழமை காலை வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது, கௌசலா கோழிக்கூட்டை மறித்துக்கொண்டு நின்றாள். அரிசி ஆலையில் மூட்டை தைக்கிற வேலைக்கு அன்று அவள் போகவில்லை.

"அக்கா, பதினாலு நாள் தந்தனான். இண்டைக்குக் கடைசி."

"மற்றதுகளை முரசுமோட்டைக்குத் தங்கச்சி வீட்டை அனுப்பிப் போட்டன் தம்பி. இது ஒண்டுதான் நிக்குது. அடையில கிடக்குது."

"அதையும் கொண்டுபோங்கோவன்."

"அடைக்கோழியை இடம் அரக்கினா எழும்பிப் போயிடும். பிறகு பதினொண்டும் கூழ்முட்டைதான். ஞாயிற்றுக்கிழமை பொரிச்சிடும். மூண்டே மூண்டு நாள் தாங்கோ."

கிளிநொச்சி நகரையொட்டிய அந்த வீட்டுத்திட்டத்தில் கோழி வளர்க்கக் கூடாதென்று பிரதேச சபை அறிவித்தல் ஒட்டியிருந்தது. முறைப்பாடு கொடுத்தவர் பக்கத்து வீட்டுச் சின்னராசா. அவர்மேல் பிழை சொல்ல முடியாது. கௌசலாவின் கோழிகள் அவருடைய மிளகாய் நாற்றுமேடையை இரண்டு தரம் கிளறி அழித்திருந்தன.

சின்னராசா வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "மூண்டு நாளெண்டு சொல்லி மூண்டு மாசமாக்குவாள் தம்பி. இவளின்ர கோழியளுக்கு என்ர மிளகாய்ப் பாத்தியில காணி உறுதி கிடக்குதெண்ட நினைப்பு."

"அண்ணை, நீங்கள் சும்மா இருங்கோ" என்றாள் கௌசலா.

கௌசலாவுக்கு அந்த முட்டைகளை விட்டால் வேறில்லை. கார்த்திகை வெள்ளத்தில் பதினாறு கோழிகள் செத்தன. மிஞ்சிய ஒரே சேவலைப் போன மாதம் நாய் பிடித்தது. முரசுமோட்டைக்குப் போன மூன்றும் முட்டையிட்டு ஓய்ந்த கிழடுகள். ஆலை மூடிக் கிடக்கும் மாதங்களில் அவள் வீட்டுச் சட்டிக்குள் ஏதாவது விழுந்ததென்றால் அது கோழிகளால்தான். இந்தப் பதினொன்றும் பொரிக்காவிட்டால் அதுவும் இல்லை.

"உண்மையா அடைதானோ, பாப்பம்" என்று கிருசாந்தன் குனிந்து கூட்டுக்குள் கையை விட்டான். பேடு சிலிர்த்துக் கொத்தியது. அவன் வைக்கோலை விலக்கினான். விலக்கிய கை அப்படியே நின்றது.

உள்ளங்கை அகலத்தில், வட்டமாக, கறள் பிடித்த இரும்பு. நடுவில் கறுப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது.

அவன் கையை மெல்ல எடுத்தான். எட்டடி பின்னால் போன பிறகுதான் வாய் திறந்தது. "ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ!"

"தம்பி, அது வந்து..."

"கதையாதேங்கோ அக்கா! வெளியில வாங்கோ!"

அது ஆலை இயந்திரத்தின் சுழல்தண்டிலிருந்து கழற்றிப் போட்ட பழைய பெயரிங். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அடைக்கு ஒரு துண்டு இரும்பும் இரண்டு கரித்துண்டும் வைப்பது வழக்கம். சித்திரை மாதம், பின்னேரமானால் இடி. அதற்காக அவள் வைத்தது. நடுவில் இருந்தது காய்ந்த கிறீஸ். நகரத்தில் வளர்ந்த கிருசாந்தனுக்கு அது தெரியாது. போர் நடந்த இந்த மண்ணில் கறள் பிடித்த வட்ட இரும்பைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரியும்.

பொலிஸ் வந்தது. சார்ஜன்ட் தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். கூட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். வெடிபொருள் பார்க்கிறவர்கள் திங்கட்கிழமைதான் வருவார்கள், அதுவரை யாரும் தொடக் கூடாது என்றார்கள்.

கௌசலா விரலை மடக்கிப் பார்த்தாள். சனி, ஞாயிறு, திங்கள். வாயை மூடிக்கொண்டாள்.

அது சின்ன விடயமில்லை. அவளுடைய தமையன் விறகு வெட்டப் போன இடத்தில் மிதிவெடியில் வலது காலை விட்டவன். இதை வைத்து விளையாடக் கூடாதென்று அவளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. சின்னராசா குடும்பத்தோடு மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். தொலைக்காட்சிப் பெட்டியை ஓட்டோவில் ஏற்றிவிட்டு வேலியடிக்கு வந்தார்.

"பிள்ளை, நீயும் வெளிக்கிடு. ஒரு கோழிக்காகச் சாகாதை."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நான் முன்பக்கம் இருக்கிறன் அண்ணை" என்றாள்.

சனி பின்னேரம் கூரைத் தகரம் அதிர இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் அவள் கூட்டைப் பார்த்தாள். ஞாயிறு காலை பேடு நாடாவுக்குக் கீழால் குனிந்து வந்து, தண்ணீர் குடித்துவிட்டு உடனே திரும்பி ஓடியது. மத்தியானம் கூட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. கௌசலா வாசற்படியில் குந்தியிருந்து அழுதாள்.

திங்கள் காலை வந்த மனிதன் அந்த வெயிலில் கனத்த கவசத்தை மாட்டிக்கொண்டு முழங்காலில் இருந்தான். அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும். கௌசலாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, அந்தக் கவசத்தைக் கழட்டுங்கோ. அது வெடியில்லை, பெயரிங். ஆலையில எடுத்தது. இடிக்கு நான்தான் வைச்சனான்."

அவன் அவளைப் பார்த்தான். இருந்தாலும் தன் முறைப்படி மெல்ல மெல்லத்தான் வைக்கோலை நீக்கினான். எடுத்துத் துடைத்தான். இரும்பில் இலக்கம் வெட்டியிருந்தது. விரலால் சுழற்றினான். சுழன்றது.

"அண்டைக்கே தெரியுமோ அக்கா?" கிருசாந்தன் கேட்டான்.

"அண்டைக்கு அடையில பத்தொன்பதாம் நாள் தம்பி."

சார்ஜன்ட் திட்டினார். வழக்குப் போடுவேன் என்றார். கௌசலா தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டாள். கேட்க வேண்டியதுதான். அந்த நேரம் பேடு நாடாவைத் தாண்டி வெளியே வந்தது. அதன் பின்னால் ஒன்பது குஞ்சுகள். சார்ஜன்ட் பேச்சை நிறுத்தினார்.

"அடி கள்ளி!" ஓட்டோவிலிருந்து இறங்கி விடயத்தைக் கேட்டறிந்த சின்னராசா கத்தினார். "மூண்டு நாளா மருமகன்ர குறட்டைக்குள்ள கிடந்தனான்!"

முதலில் சிரித்தது கிருசாந்தன். நிலத்தில் குந்தியிருந்து, கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு சிரித்தான். வெடியில்லை என்று தெரிந்த பிறகு இந்த ஊரில் யாராலும் நெடுநேரம் கோபமாக இருக்க முடியாது.

"ஆனா இண்டைக்கே கொண்டு போகோணும் அக்கா. சட்டம் சட்டம்தான்."

"அடுத்த பஸ்ஸுக்கே போறன்."

பேட்டையும் குஞ்சுகளையும் பனையோலைக் கடகத்தில் வைத்து, மேலே பழைய சீலையால் கட்டினாள். வேலிப் படலையைத் தாண்டியவள் திரும்பி வந்தாள்.

"தம்பி, அந்த இரும்பைத் தாங்கோ. அடுத்த அடைக்கு வேணும்."