ஐஸ் இல்லாத பெட்டி

ஐந்து மணி நேரம் பத்து நிமிடம். பதுளை பஸ் நிலையத்திலிருந்து புறப்பட்டபோது காலை ஆறு நாற்பது. மடுல்சீமையில் எங்கள் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்தபோது பதினொன்று ஐம்பது. அவ்வளவு நேரமும் பெட்டிக்குள் இருந்த மீனுக்கு ஐஸ் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாங்கும்போது ஐஸ் இருந்தது. மார்க்கட்டில் மீன்காரர் ஒரு கிலோ கெலவல்லா என்ற சூரை மீனையும் அரைக் கிலோ இறாலையும் குளிர் காக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் வைத்து, மேலே ஐஸ் உடைத்துப் போட்டு மூடித் தந்தார். பெட்டியின் அடியில் ஒரு விரிசல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பக்கத்து சீட்டுப் பெண்ணின் சேலை நனைந்தது. அவர் சத்தம் போட்டார். கண்டக்டர் வந்தார்.

"இந்தா தங்கச்சி, ஒழுகுற சாமானெல்லாம் பஸ்ஸுல ஏத்த ஏலாது. ஐஸக் கொட்டிட்டு வா. இல்லாட்டி அடுத்த பஸ்ஸுல வா."

எதிர்க் கடையில் ஒரு பெரிய பொலித்தீன் பை வாங்கி, பெட்டியை அதற்குள் வைத்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பஸ்ஸில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இறங்கி, ஓரத்துச் சாக்கடைக் கானில் ஐஸை எல்லாம் கொட்டிவிட்டு ஏறினேன். கண்டக்டர் பெட்டியை வாங்கி டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடிமேல் வைத்தார். அதற்கும் நான் எதுவும் சொல்லவில்லை. பசறையைத் தாண்டியதும் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். பெட்டியும் அங்கேயே இருந்தது.

வீட்டில் அம்மாதான் மூடியைத் திறந்தாள்.

"என்னாடி, ஐஸ் ஒரு துண்டுகூட இல்ல?"

"கரைஞ்சிருச்சும்மா."

அது பொய்.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அகலமான தட்டில் சோற்றைப் பரப்பி, வினாகிரியும் சீனியும் கலந்து, பழைய கலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். சுஷி என்ற ஜப்பான் சோற்றுச் சுருளுக்கு வேண்டிய ஒட்டும் அரிசி இங்கே கிடைக்காது. கீரிசம்பா அரிசியைக் கூடுதல் தண்ணீர் வைத்துக் குழைய விட்டிருந்தான். மேசையில் சின்ன மூங்கில் பாய், அவன் கொண்டுவந்த கடற்பாசித் தாள், வெலிமடை கேரட், வெங்காயத்தாள், மயோனைஸ் போத்தல். எல்லாம் வரிசையாக இருந்தன.

நிமலன் அண்ணன் மாலைதீவில் ஒரு ஹோட்டலில் ஆறு வருடம் சமையல்காரனாக இருந்தான். அந்த ஆறு வருடத்தில் அவன் எங்களோடு வீட்டில் இருந்தது எழுபத்து நான்கு நாள். நான் எண்ணியிருக்கிறேன். இப்போது அவனுடைய பாஸ்போட் கொழும்பில் ஏஜென்சிக்காரரிடம் இருக்கிறது. கட்டாருக்குப் போகிறானா இல்லையா என்று இன்று நான்கு மணிக்குள் சொல்ல வேண்டும். ஷுக்ரி என்ற முதலாளி மடுல்சீமையில் மலை பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு ஹோட்டல் கட்டுகிறார். அதன் சமையல் குசினி இன்னும் முடியவில்லை. "வீட்டுலயே செஞ்சு காட்டுங்க தம்பி, ஜும்மா முடிச்சிட்டு வாறேன். மேல மீன் போட்டு ஓவன்ல சுடுவாங்களே, அந்த ரோல்தான் வேணும். நல்லா இரிந்தா வேல உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார்.

நல்லா இருந்தால் அண்ணன் இங்கே இருப்பான். இல்லாவிட்டால் அடுத்த வியாழன் விமானம்.

"வெள்ளிக்கெழமையில வீட்டுக்குள்ள மீனு" என்று அம்மா முணுமுணுத்தாள். அவள் விரதம்.

"வேல கெடைச்சா அடுத்த வெள்ளிக்கி கோயில்ல நானே பொங்க வைக்கிறேம்மா. இப்ப அந்தக் கத்தியக் குடு."

அவன் மீனை எடுக்கப் போனான். மீன் பெட்டியில் இல்லை. அம்மாவின் சட்டியில் கறுப்புத் தண்ணீருக்குள் கிடந்தது.

"அம்மா! என்னா இது?"

"கொறக்காப்புளி. கெலவல்லாவ அது போடாம யாராச்சும் ஆக்குவாங்களா? ஒத்துக்காம ஒடம்பெல்லாம் தடிச்சிறும்."

"சுஷிக்குக் கொறக்காவா? கறுத்துப் போவும்மா!"

"அஞ்சு நிமிஷந்தானடா ஊறுது. ஜப்பான்காரன் வந்து பாக்கவா போறான்?"

அண்ணன் மீனை அள்ளியெடுத்து மூன்று முறை கழுவினான். சிரித்துக்கொண்டே கழுவினான். அம்மாவுக்குத் தெரிந்தது தவறல்ல. இந்த மீன் சிலவேளை உடம்பைத் தடிக்க வைக்கும் என்பது உண்மை. மீன் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். புதிய மீனில் புளி அதைத் தாமதப்படுத்தும். ஏற்கெனவே உண்டானதைப் புளி அகற்றாது. இதை நான் பல்கலைக்கழகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன்.

"அண்ணே" என்றேன்.

"ம்."

"மீன விட்டுட்டு முட்டை, கேரட்டுன்னு போட ஏலாதா?"

"முட்டை ரோல் திங்கவா அவரு மல ஏறி வாறாரு?"

"இல்ல. மீனு கொஞ்சம்..."

அவன் ஒரு துண்டை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "மோந்து பாரு. நாறுதா?"

நாறவில்லை. ஹிஸ்டமினுக்கு நாற்றம் கிடையாது.

"பச்சையாக் குடுத்தாத்தான் பயப்படணும். இது இருநூறு டிகிரில வேகுது. எந்தக் கிருமி தாங்கும்? நீதான சயன்ஸ் படிச்சவ, சொல்லு. சாகுமா சாகாதா?"

"சாகும்" என்றேன்.

அது பொய்யல்ல. கிருமி சாகும். அது செய்து வைத்தது சூட்டில் அழியாது. இந்த இரண்டாவது வசனத்தையும் நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் அதற்குள் இறாலை உரிக்கத் தொடங்கிவிட்டான்.

பாயை விரித்து, கடற்பாசித் தாளை வைத்து, ஈரக் கையால் சோற்றைப் பரப்பினான். நடுவில் கேரட்டும் வெங்காயத்தாளும் நீளமாக வைத்து ஒரே இழுப்பில் சுருட்டினான். கத்தியை நனைத்து எட்டுத் துண்டாக வெட்டினான். அதேபோல் இன்னொரு சுருளையும் வெட்டினான். ஒரு துண்டுகூட அவிழவில்லை. மீனையும் இறாலையும் பொடியாக வெட்டி மயோனைஸில் கலந்தான். இரண்டு துண்டின் மேல் மட்டும் கொஞ்சம் வைத்து, ஓவனின் சூடு பார்க்க உள்ளே தள்ளினான். கரண்ட் அழுத்தம் குறைந்து ஓவனின் வெளிச்சம் மங்கியது. "டீவி, பிரிட்ஜி எல்லாத்தயும் நிப்பாட்டு" என்றான். நிறுத்தினேன். மேற்பரப்பு மெதுவாகப் பொன்னிறமானது.

"நிறம் சரி" என்று சொல்லிவிட்டு, உடுப்பு மாற்ற உள்ளே போனான்.

மணி ஒன்று இருபது. நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம். பிறகு நாக்கு நுனியில் மிளகைக் கடித்ததுபோல் சுரீரென்றது. அண்ணன் அதில் மிளகாய் சோஸ் இன்னும் சேர்க்கவில்லை. மிளகும் போடவில்லை.

இரண்டாவது துண்டையும் சாப்பிட்டேன். என் கணக்கு இதுதான். அரை மணி நேரத்துக்குள் எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அண்ணன் இங்கே இருப்பான். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். என் வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான பரிசோதனை அது.

"ரெண்டையும் முழுங்கிட்டியா?" என்றான் அண்ணன், வெள்ளைச் சட்டையின் பொத்தானைப் போட்டபடி. "எப்பிடி இருக்கு?"

"ருசியா இருக்கு."

"அப்ப இனி பயமில்ல" என்றான். மிளகாய் சோஸை ஊற்றிக் கலக்கி, மீதிப் பதினான்கு துண்டின் மேலும் நிறைய வைத்து ஓவனுக்குள் தள்ளினான்.

ஒன்று ஐம்பதுக்குக் கீழே ரோட்டில் வேன் நின்றது. எங்கள் வீட்டுக்கு முப்பத்தொரு படி. ஷுக்ரி முதலாளி முன்னால் வந்தார். அவருடைய மனைவி ஜெஸீமா பாதிப் படியில் நின்று, கைப்பையிலிருந்து ஒரு நீலக் குழலை எடுத்து வாயில் வைத்து இழுத்தார். மறுபடியும் இழுத்தார். ஆஸ்துமா. ஹிஸ்டமின் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சையே அடைக்கும். என் கழுத்தின் பின்புறம் சூடாகத் தொடங்கியது.

"வாங்க மொதலாளி, வாங்கம்மா. உக்காருங்க" என்றாள் அம்மா.

"படி ஏத்தியே கொன்னுட்டீங்க" என்று ஜெஸீமா சிரித்தார். "இதுக்கே நெறைய திங்கணும்."

அண்ணன் தட்டைக் கொண்டுவந்தான். சோஸ் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு சோடி மரக் குச்சிகளை வைத்தான்.

"மிரின்னு ஒண்ணு ஊத்துவாங்க சேர், அதுல சாராயம் இருக்கு. நான் ஊத்தல. வெறும் வினாகிரிதான்."

முதலாளி தலையாட்டினார். அவர் அதைக் கேட்க நினைத்திருந்தார் என்று முகத்தில் தெரிந்தது. "கெட்டிக்காரன் தம்பி நீங்க. கேக்க முந்தியே சொல்றீங்க. எங்களுக்கு அதுதான் வேணும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். அப்படி ஒரு முகத்தோடு அவனை நான் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. காது, கன்னம், கழுத்து எல்லாம் எரிந்தன. தலைக்குள் ஏதோ இடித்தது.

ஜெஸீமா என்னைக் கவனித்துவிட்டார். "தங்கச்சிக்கு என்ன? மொகமெல்லாம் செவந்து போய் நிக்கிறா."

"அவளுக்கு வெக்கம்மா" என்றாள் அம்மா. "படிச்ச புள்ள, ஆனா ஆளுங்களக் கண்டா இப்பிடித்தான். பேச்சே வராது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். உதடு தடித்திருந்தது.

முதலாளி குச்சிகளை விரல்களுக்கு இடையில் மாட்டிப் பார்த்தார். துண்டு நழுவித் தட்டில் விழுந்தது. மறுபடி பிடித்தார்.

"நீங்க அதோட மல்லுக்கட்டி முடிக்க அசர் தொழுகை நேரமே ஆகிரும்" என்ற ஜெஸீமா, ஒரு துண்டை விரலால் எடுத்தார். அதன்மேல் ஊதினார். ஒருமுறை, இரண்டுமுறை. வாயைத் திறந்தார்.

"சாப்பிடாதீங்க!"

அது என் குரல்தான். அவர் கை நின்றது. அண்ணன் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அம்மா, "என்னாடி" என்றாள். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் தட்டைப் பார்த்தேன். பிறகு, அவனிடம்தான் சொல்ல வேண்டும் என்பதால், அண்ணனைப் பார்த்தேன்.

"இது வெக்கமில்லண்ணே, மீனு. நான் தின்னு பாத்தேன், அதான் செவந்திருக்கு. பதுளையில இருந்து வீடு வரைக்கும் அதுல ஐஸ் இல்ல. அஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம். கரைஞ்சிருச்சுன்னு பொய் சொன்னேன். ஐஸ நான்தான் கொட்டினேன்."