பன்னிரண்டு நாள் சேறு

காலை ஒன்பது மணிக்கெல்லாம் நியோலேயின் வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போயின. கையை உதறினாள். முதலில் எறும்பு ஊர்வது போல் இருக்கும். பிறகு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுண்டி இழுக்கும். தொங்கு தட்டில் நின்று ஐந்தாம் அடுக்குக்குள் குனிந்து, காளானைத் திருகிப் பிடுங்கி, தண்டை அறுத்து, குடை மேலே தெரியும்படி பெட்டியில் அடுக்க வேண்டும். விரலில் உணர்ச்சி இல்லாமல் அழுத்திவிட்டதில் இன்று மூன்று குடைகள் உடைந்துவிட்டன. உடைந்ததை வாளியில் போட்டு, மேலே தண்டுக் கழிவைத் தள்ளி மூடினாள்.

அறைச் சுவரில் நீர் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்து அடுக்கில் நின்ற அலேசியா கையைப் பார்க்காமலே அறுத்துக்கொண்டிருந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம், சர்வாதிகாரி ஆளும் நாட்டின் க்ரோத்னா ஊரிலிருந்து அவள் தப்பி வந்து மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அலீட்டுஸ் ஊருக்கு வெளியே இந்தக் காளான் பண்ணைதான். ஒவ்வொருவர் இடுப்பிலும் அவரவர் எண் அச்சடித்த ஒட்டுச்சீட்டுச் சுருள் தொங்கும். பெட்டி நிறைந்ததும் ஒரு சீட்டைக் கிழித்து ஒட்ட வேண்டும். அலேசியா இருபுறமும் பார்த்துவிட்டு, சீட்டு ஒட்டாத ஒரு பெட்டியை நியோலே பக்கம் தள்ளினாள்.

"சீக்கிரம் ஒட்டுங்கக்கா. லொரேட்டா வர்றா."

நியோலே தன் எண்ணை ஒட்டினாள். ஷிப்டுக்கு இத்தனை பெட்டி என்று உண்டு. தொடர்ந்து குறைந்தால் மேற்பார்வை பார்க்கும் லொரேட்டா அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்வாள். அவள் உட்காரச் சொன்ன யாரும் மறுநாள் வேலைக்கு வந்ததில்லை.

"நாப்பத்து மூணு ஆச்சுடி," என்றாள் நியோலே. "ஒண்ணு விடாமத் திருப்பிக் குடுத்துருவேன்."

"முதல்ல கை தேறட்டும். பெட்டி எங்க ஓடிப் போகுது?"

கை தேறுவதற்கான வழியை நியோலே ஏற்பாடு செய்து ஒரு வாரமாகிறது. அலேசியாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அதை மதியச் சாப்பாட்டு அறையில் கெஸ்தாஸ் போட்டு உடைத்தான். பண்ணையில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். அவன் வாயில் எதுவும் தங்காது.

"என்ன நியோலேக்கா, எல்லை தாண்டிப் போய் சர்வாதிகாரியோட சேத்துல முங்கி எந்திரிக்கப் போறீங்களாமே? பஸ்காரன் சொன்னான்."

கறுப்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த அலேசியாவின் தாடை நின்றது.

"பன்னெண்டு நாள்," என்றாள் நியோலே, யாரையும் பார்க்காமல். "அங்க ஒரு வைத்திய விடுதி. கைக்குச் சூட்டுச் சேறு, மசாஜ், மூணு வேளை சாப்பாடு. அதே சேத்துக்கு இங்க கேக்கற காசு எங்கிட்ட இல்ல. அரசாங்க ஆஸ்பத்திரில அடுத்த ஆகஸ்ட் வரச் சொல்றான். அதுவரைக்கும் லொரேட்டா என்னை விட்டு வெப்பாளா?"

"அந்த விடுதியே அவங்க அரசாங்கத்தோடது," என்றான் கெஸ்தாஸ். " நீங்க கட்டற காசுல ரெண்டு போலீஸ்காரனுக்கு பூட்ஸ் வாங்குவான்."

"இந்தக் காளானுக்கு மேல போடற கரிமண்ணு போன வருஷம் வரைக்கும் எங்கேர்ந்துடா வந்துச்சு? அவங்க நாட்டுலேர்ந்துதானே? நீதானே லாரியிலேர்ந்து இறக்கினே? அப்ப எத்தன ஜோடி பூட்ஸு?"

"வாங்கினது முதலாளி. நான் இறக்கத்தான் இறக்கினேன்."

"ஆமா, உன் கூலி மட்டும் வானத்துலேர்ந்து விழுந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். அலேசியா மீதி ரொட்டியைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

குளிர்பதன அறைக்குப் பின்னால் அவள் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். நியோலே பக்கத்தில் போய் நின்றாள். அலேசியாவின் தம்பி மிகாஸ் அந்த நாட்டுச் சிறையில் இருக்கிறான் என்பது பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். கடை கடையாகக் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். தேர்தலுக்குப் பிறகு அரசாங்கத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் போனான். எட்டு வருடம் போட்டுவிட்டார்கள்.

"போகாதேங்கறியா?" என்று கேட்டாள் நியோலே.

"சொல்லத்தான் வாய் வருது. சொல்லிட்டு? உங்க கைய நானா சரி பண்ணப் போறேன்?"

"அப்ப போகட்டுமா?"

"அதைச் சொல்லவும் வாய் வரலக்கா. எங்கிட்டக் கேக்காதீங்க."

"உங்க அம்மாவப் பாத்து ஏதாச்சும் குடுத்துட்டு வரவா? க்ரோத்னா வழியாத்தான் பஸ் போகுதாம்."

"ஐயோ, அந்தத் தெருப் பக்கமே போயிராதீங்க. வெளிநாட்டுக்காரி வந்துட்டுப் போனான்னு பக்கத்து வீட்டுக்காரி ஒரு போன் போட்டாப் போதும்." சிகரெட்டைச் சுவரில் தேய்த்து அணைத்தாள். "போனைக் குடுங்க."

நியோலே கொடுத்தாள். அலேசியா அதில் தன்னைத் தேடித் தேடி அழித்தாள். பிறந்தநாளுக்கு இருவரும் கேக்கை வைத்துக்கொண்டு எடுத்த படம், காலையில் அனுப்பும் வணக்கங்கள், கடைசியில் பெயரும் எண்ணும்.

"எல்லையில போனை வாங்கிப் பாப்பாங்க. அவங்க கண்ணுல நான் பட வேண்டாம்."

போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் நியோலே நின்றாள். மணி அடித்துவிட்டது.

மறுநாள் பஸ் ஏறி எல்லை தாண்டிப் போய்ச் சேர்ந்த விடுதி பைன் காட்டுக்குள் இருந்தது. நியோலே பயந்து வந்த எதுவும் அங்கே இல்லை. வழுக்கையான ஒரு மருத்துவர் கையைப் பிடித்துப் பார்த்து, "எத்தனை வருஷமா இந்த வேலை?" என்று வருத்தமாகக் கேட்டார். மசாஜ் செய்கிற கலீனாவின் விரல்களும் கணுக்கணுவாக வீங்கித்தான் இருந்தன. சூப் ருசியாக இருந்தது. நாட்டுத் தலைவரின் படம் மாட்டிய கூடத்தின் வழியாகக் கிழவர்களும் கிழவிகளும் செருப்பைத் தேய்த்துக்கொண்டு சேற்றுக் குளியலுக்குப் போனார்கள். ஒருநாள் வாசலில் ஒரு போலீஸ்காரன் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சின்னப் பையன் முகம். நியோலே தலையைக் குனிந்து அவன் பூட்ஸைப் பார்த்தாள். புதியது.

ஆறாம் நாள் இரவு கை மரத்து விழித்துக்கொள்ளாமல் விடியும் வரை தூங்கினாள். எழுந்ததும் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது அலேசியாவின் ஞாபகம்தான் வந்தது. போனில் அவள் இல்லை.

கிளம்பும் முன் விடுதிக் கடையில் உள்ளங்கையில் உருட்டும் ஒரு மர உருளை வாங்கினாள். கைப்பிடியும் ஐந்து சின்னச் சக்கரங்களும். "நல்ல மரம், விலையும் குறைச்சல்," என்று சொன்னவள் கலீனாதான். இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்கிற அலேசியாவின் கையும் வலிக்கத்தானே செய்யும்.

திங்கட்கிழமை காலை உடை மாற்றும் அறையில் அதை எடுத்து நீட்டினாள்.

"எனக்கா?" அலேசியா சிரித்தாள். வாங்க யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். மணிக்கட்டில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. உள்ளங்கையில் உருட்டினாள். "நல்லாத்தான் இருக்கு. சூடு பறக்குது." கைப்பிடியைத் திருப்பினாள். அடியில் மரத்தில் சுட்டுப் பதித்த ஒரு முத்திரையும் எண்ணும் இருந்தன. அவள் கட்டைவிரல் அங்கேயே நின்றது.

"எங்கக்கா வாங்கினீங்க?"

"விடுதிக் கடையில. ஏன், பிடிக்கலியா?"

"இந்த எண்ணைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் கவர் மேல எழுதறேன்."

"எந்தக் கவர்?"

"மிகாஸுக்குப் போடற கவர். அவன் சிறையோட எண்ணு."

நியோலே பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "சத்தியமா எனக்குத் தெரியாதுடி. விடுதிக் கடைதானேன்னு…"

"அவனை அங்க மரப் பட்டறையில போட்டிருக்காங்கன்னு அம்மா சொன்னாங்க." அலேசியா மறுபடி உருட்டினாள். நான்கு சக்கரங்கள் சுற்றின. ஓரத்தில் இருந்தது கோணலாகத் தேய்த்துக்கொண்டு வந்தது. "பாருங்க, இது சுத்தவே இல்ல. அவனுக்கு ஒரு ஆணி ஒழுங்கா அடிக்கத் தெரியாது. அவன் செஞ்சதாத்தான் இருக்கும்." சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். எண்ணை நகத்தால் தேய்த்தாள். "இல்ல, வேற எவனோ. யார் செஞ்சதுன்னு போடலியே."

"குடு, கொண்டு போய்க் குப்பையில போட்டுடறேன்."

"தொடாதீங்க."

கெஸ்தாஸ் வாசலில் தலையை நீட்டினான். "என்னக்கா, சேறு நல்ல சூடா இருந்துச்சா?" கேட்டுவிட்டுத் தன் வண்டிப் பக்கம் போய்விட்டான்.

அலேசியா உருளையை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அதன் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே தொங்கு தட்டில் ஏறினாள்.

நியோலேயின் கை அன்று நன்றாக ஓடியது. ஒரு குடைகூட உடையவில்லை. தன் கணக்குக்கு மேல் முதல் பெட்டி நிறைந்ததும், எட்டி அலேசியாவின் இடுப்புச் சுருளிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து அதில் ஒட்டினாள். அலேசியா திரும்பவில்லை. தடுக்கவும் இல்லை. குனியும்போதெல்லாம் அவள் பையில் இருந்த மரம் இரும்பு அடுக்கில் இடித்தது.

மூன்று மணி சுமாருக்கு நடுவிரல் நுனியில் எறும்பு ஊரத் தொடங்கியது. நியோலே கையை உதறிவிட்டு அடுத்த காளானைப் பிடித்தாள். ஐந்து பெட்டி கொடுத்திருந்தாள். அலேசியாவுக்கு இன்னும் முப்பத்தெட்டுப் பெட்டி பாக்கி.