மூன்றாவது சிலிண்டர்

கழுத்துப் பொத்தான் மாட்ட மறுத்தது. சின்னவன் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, அண்ணனின் தாடையை லேசாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றான். தீயணைப்புத் துறைச் சீருடை அது, நான்கு வருஷத்துக்கு முன்னால் தைத்தது. அதற்குப் பிறகு பெரியவன் ஒரு சுற்றுப் பருத்துவிட்டான்.

"விட்டுடு. அவரு என்னைக்கு அந்தப் பொத்தானைப் போட்டிருக்காரு?" என்றாள் அண்ணி, அறை வாசலில் நின்றபடி.

"போட்டாத்தான் நல்லா இருக்கும் அண்ணி. ஆபீஸ்லேருந்து எல்லாரும் வருவாங்க."

"வரட்டும். போட்டா மூச்சு முட்டுதும்பாரு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். சின்னவன் சட்டைக் காலரை நீவிவிட்டு எழுந்தான்.

விடிகாலையில் அண்ணி போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஓடி வந்தவன், அதற்கப்புறம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சாவு வீட்டையும் தீப்பிடித்த இடத்தைப் போலவே நடத்திக்கொண்டிருந்தான். தெருமுனையில் வண்டிகளை ஒழுங்குபடுத்த ஒரு ஆள், தொலைபேசியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், வாசலில் கூட்டம் சேராமல் பார்க்க இரண்டு பேர் என்று ஆளுக்கொரு வேலை கொடுத்திருந்தான். கைக்கு வேலை இருந்தவரை மனசு அடங்கிக் கிடந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள்தான் அதைக் கிளறிவிட்டுப் போனார்கள்.

"தூக்கத்துலயே போயிட்டாராமே? கொடுத்துவச்ச மனுஷன். யாருக்கும் ஒரு தொந்தரவு வைக்கல."

டாக்டரும் மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஐம்பதை நெருங்கிய, பருத்த உடம்புக்காரன் தூக்கத்தில் போனால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ஒவ்வொருத்தரும் கொடுத்துவச்ச மனுஷன் என்று சொல்லும்போது சின்னவனுக்குச் சுருக்கென்று குத்தியது. ஏனென்றால் பெரியவன் எதனால் போனான் என்று அவனுக்குத் தெரியும். முந்தின நாள் பகல் பன்னிரண்டு மணிக்கே அது தொடங்கிவிட்டது.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நிலையம். பெரியவன் பதினெட்டு வருஷமாகக் குழாய் பிடிக்கிறவன். சின்னவன் பின்னால் வந்து சேர்ந்து, பரீட்சை எழுதி, ஆறு வாரத்துக்கு முன்னால் அதே நிலையத்துக்கு அதிகாரியாக வந்துவிட்டான். வந்த அன்றைக்கே பெரியவன் ஒரு ஏற்பாடு செய்துகொண்டான். "இதோ பாரு, நிலையத்துக் கேட்டுக்கு உள்ள நீ சார். வெளிய வந்தா டேய். ரெண்டையும் குழப்பிக்காத, நானும் குழப்பிக்க மாட்டேன்." சொன்னபடியே நடந்தான். காலை அணிவகுப்பில் விறைப்பாக சல்யூட் வைப்பான். சாயங்காலம் வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்ததும், "டேய், அந்தத் தண்ணிச் சொம்பை இப்படித் தள்ளு" என்பான். பார்க்கிறவர்களுக்கெல்லாம் சிரிப்பாக இருக்கும். இவனுக்கு மட்டும் அந்த சல்யூட்டை வாங்கிக்கொள்ளும்போது உடம்பு கூசும்.

நேற்றுத் தீப்பிடித்தது ஒரு மெத்தைக் கிடங்கில். அடுக்கியிருந்ததெல்லாம் பஞ்சும் ஸ்பாஞ்சும். வேலைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்பதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்தாகிவிட்டது. உள்ளே உயிர் இல்லையென்றால் ஆளை உள்ளே அனுப்பாதே, வெளியே நின்று தண்ணீர் அடி என்பது அதிகாரிப் பயிற்சியில் முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம். ஆனால் கிடங்கு முதலாளி தலையில் அடித்துக்கொண்டு கத்தினார், தெருவே கூடி வேடிக்கை பார்த்தது, சின்னவனுக்கு அது முதல் பெரிய தீ. பின்பக்கத்துக் குவியலை மட்டும் காப்பாற்றலாம் என்று பெரியவனையும் இன்னொருவரையும் அனுப்பினான்.

முதுகில் மாட்டுகிற காற்று சிலிண்டர் இரண்டு தீர்ந்தால் ஆள் வெளியே வந்து இருபது நிமிஷம் உட்கார வேண்டும். நாடி நூற்றுப்பத்துக்குக் கீழே இறங்கினால்தான் மூன்றாவது. அதை எழுதி வைக்கிறது பம்பு ஓட்டுநரின் வேலை. பம்பு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காத ஆள் என்பதால் அவருக்கு மீட்டர் என்றே பெயர். இரண்டு தீர்ந்ததும் பெரியவன் வெளியே வந்து உட்கார்ந்தான். மீட்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து எழுதினார்: நூற்று நாற்பத்தெட்டு. பத்து நிமிஷம் கழித்து நூற்று முப்பத்திரண்டு. அந்த எண்ணைச் சின்னவன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அதற்குள் பெரியவன் எழுந்து மூன்றாவது சிலிண்டரைத் தூக்கிவிட்டிருந்தான்.

"உட்காருங்க, இன்னும் நேரம் ஆகல" என்றான் சின்னவன்.

பெரியவன் கிட்டே வந்தான். மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னான். "டேய், போடா. உன்னோட முதல் பெரிய தீ. இதுல நீ கையை விரிச்சா நாளைக்கு எவன் உன்னை மதிப்பான்?"

சின்னவன் தலையாட்டிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. கால் மணி நேரத்தில் பெரியவன் வெளியே வந்தான், ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தான், முகம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனான். விடிந்தபோது இல்லை. மெத்தைகளும் மிஞ்சவில்லை.

மத்தியானம் இரண்டரை மணிக்கு மீட்டர் வந்தார். உடம்புக்குப் பக்கத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு, சின்னவனை மாடிப்படி ஓரத்துக்கு அழைத்துப் போனார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார்.

"நேத்து எழுதின ஓய்வுச் சீட்டு சார். ஆபீஸ்ல கேட்டாங்க. இன்னும் கொடுக்கல."

"ஏன் கொடுக்கல?"

"தண்ணி அடிச்ச இடம்தானே. நனைஞ்சு கிழிஞ்சு போச்சுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "போனவரு போயிட்டாரு. நீங்க இப்பத்தான் வந்திருக்கீங்க."

சின்னவன் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. சொல்லியிருந்தால் பெருமையாக இருந்திருக்கும். அவன் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றான். இந்த விஷயம் வெளியே தெரிந்தால் அதிகாரி வேலை போகலாம். அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. கீழ்வீட்டுக் கதவு மூடிக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். அப்பா அம்மா போன பிறகு இந்த அண்ணி போட்ட சோறுதான். கல்யாணம் என்று ஒன்று தகையாமலே போய்விட்ட அவனுக்கு, வீடு என்று இருந்தது இது ஒன்றுதான்.

அண்ணன் மகள் படியில் வந்து நின்றாள். பத்தாவது படிக்கிறவள், அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"சித்தப்பா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா. வலிச்சிருக்காது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் நம்பித் தலையாட்டிக்கொண்டு போனாள். அவள் அப்படி நம்பியதைத்தான் சின்னவனால் தாங்க முடியவில்லை. காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனான்.

அண்ணி வந்தவர்கள் குடித்த டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரோ வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை போலிருக்கிறது.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"சாப்பிட்டியா நீ?"

"அண்ணி, அண்ணனை நான் நேத்து உள்ள விட்டிருக்கக் கூடாது."

அவன் சொன்னான். சிலிண்டர், நாடி, இருபது நிமிஷம், டேய், தலையாட்டியது என்று ஒன்றையும் விடாமல் சொன்னான். அண்ணி குழாயை மூடினாள். கைகளைத் தொட்டித் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

"உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டு இருந்தாங்களா?"

"இல்ல."

"குழந்தை குட்டி?"

"யாரும் இல்ல அண்ணி. மெத்தைங்கதான்."

"மெத்தைங்க" என்றாள் அவள். பிறகு, "நீ கண்டிப்பாச் சொல்லியிருந்தா உட்கார்ந்திருப்பாரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். பெரியவனின் பிடிவாதம் ஊரறிந்தது, யாரும் நம்புவார்கள். சின்னவனுக்கு நாக்கு வரை வந்தது.

"உட்கார்ந்திருப்பாரு. வேலையில நான் சொல்லி அவரு ஒரு தடவைகூட மறுத்ததில்ல. உத்தரவா சொல்லியிருந்தா உட்கார்ந்திருப்பாரு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"டேய்ன்னாரு. அதுக்கு மேல எனக்கு வாய் வரல அண்ணி."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அண்ணி கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"நேத்து சாப்பிடறப்ப நெஞ்சைத் தடவிக்கிட்டே இருந்தாரு. என்னன்னு கேட்டேன். வாயுன்னாரு. நான் ஒரு சோடாவைக் கொடுத்துட்டுப் போய்ப் படுத்துட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "நீ மாடியிலதானே இருந்த? படியிறங்கி வந்து, அண்ணி, இன்னிக்கு இப்படி ஆச்சு, பாத்துக்கோங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சோடாவா கொடுத்திருப்பேன்?"

இது அவனுக்குத் தோன்றவே இல்லை. காலையிலிருந்து பகல் பன்னிரண்டு மணியையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு ஒரு முழுச் சாயங்காலம் கையில் இருந்ததை மறந்துவிட்டான். நேற்று அவன் கீழே சாப்பிடக்கூட வரவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு அழுதான். அண்ணி தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

அழுகை ஓய்ந்ததும் கேட்டாள். "வெளிய நிக்கறாங்களே உன் ஆளுங்க, அவங்களுக்குத் தெரியுமா?"

"மீட்டருக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது."

"நாளைக்கு மணி அடிச்சா அவங்களை உள்ள அனுப்பப் போறது யாரு?"

அவன் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"என்கிட்ட மட்டும் சொல்லி என் தலையில இறக்கிட்டுப் போகாத. அவங்களுக்கும் பொண்டாட்டி இருக்கா. போய்ச் சொல்லு."

வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் சுவரோரமாகச் சீருடையில் நின்றிருந்தார்கள். சின்னவன் போனதும் பழக்கதோஷத்தில் விறைத்து நின்றார்கள். அவன் தொப்பி இல்லாமல், வீங்கிய கண்ணோடு, மீட்டரின் காகிதத்தைப் பிரித்து அதிலிருந்ததைப் படித்தான். பிறகு காகிதத்தில் இல்லாததையும் சொன்னான்.

"நாடி எவ்வளவுன்னு நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் விட்டேன். அண்ணன்கறதால விட்டேன். உள்ள காப்பாத்த ஒரு உயிர்கூட இல்ல." காகிதத்தை மடித்தான். "இதை அப்படியே எழுதி இன்னிக்கே ஆபீஸுக்கு அனுப்பறேன். அவங்க என்னை வச்சுக்கறாங்களோ இல்லையோ, உங்க அதிகாரி யாரா இருந்தாலும், உட்காரச் சொல்லாம விட்டா நீங்க கேளுங்க."

ஒருவர் ஷூ நுனியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். இன்னொருவர் சின்னவனைப் பார்த்த பார்வை நல்ல பார்வையாக இல்லை. அவர் பெரியவனோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். கடைசியில் மீட்டர்தான் தொண்டையைச் செருமினார்.

"நூத்தி முப்பத்திரெண்டுன்னு நான் சத்தமாச் சொல்லியிருக்கணும் சார். எழுதத்தான் செஞ்சேன்."

நான்கு மணிக்குப் பெட்டியோடு அமரர் வண்டி வந்தது. வாசல் குறுகலானதால் பெட்டியைக் கையால்தான் தெரு வரை கொண்டுபோக வேண்டும். ஐந்து பேர் தாங்களாகவே முன்னால் வந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். தலைமாட்டில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதை யாரும் அவனுக்கென்று காட்டவில்லை. சின்னவன் கதவோரம் நகர்ந்து, மற்றவர்களுக்கு வழி விடுகிற மாதிரி நின்றுகொண்டான்.

மகளின் தோளைப் பிடித்தபடி வந்த அண்ணி அவனைப் பார்த்தாள்.

"எங்க ஒதுங்கற? வந்து பிடி."

அவன் வந்து பிடித்தான். தூக்கலாமா என்று மீட்டர் கேட்டார். சின்னவனைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் தலையசைத்ததும் ஆறு பேரும் ஒன்றாகத் தூக்கினார்கள். பெரியவன் நல்ல கனம். வாசற்படி தாண்டும்போது சின்னவனின் கை நழுவப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவர், பெரியவனோடு வேலைக்குச் சேர்ந்த அந்த ஆள், தன் கையைச் சற்றுத் தள்ளி வைத்து அவனுக்குப் பிடிக்க இடம் கொடுத்தார்.