உருண்டைக்கு ஒரு டின் பால்

அக்காவுக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. ஃப்ரீஸரைத் திறந்தாலே தெரிந்தது. முன்பெல்லாம் அவள் பீய்ச்சிக் கொடுத்து உறையவைத்த தாய்ப்பால் பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கதவை மூடவிடாமல் முட்டிக்கொண்டிருக்கும். இப்போது ஒரு மூலையில் கொஞ்சம் பைகள் ஒட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

அக்காவுக்கும் மாமாவுக்கும் வேறு ஊரில் வேலை. கைக்குழந்தையோடு வந்தால் அறை கிடையாது என்று அங்கே வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால், அவர்கள் பிள்ளை உருண்டை என்னிடம் வளர்ந்தான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் வீட்டில்தான் இருந்தேன். அப்பா காலையில் வேலைக்குப் போனால் விளக்கு போட்ட பிறகுதான் வருவார். வந்தாலும் பேசமாட்டார்.

விடுமுறை கிடைத்தால் அக்கா ஐஸ் பெட்டியில் பாலோடு வருவாள். வந்ததும் தன் நீல நைட்டியை மாட்டிக்கொண்டு உருண்டையைத் தூக்குவாள். கிளம்பும்போது அதைத் துவைக்காமல் என்னிடம் கழற்றிக் கொடுப்பாள். என் உடுப்புக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு புட்டியை நீட்டினால்தான் அவன் குடிப்பான். துணியில் மூக்கைப் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பான். எனக்கு அவனுடைய உச்சந்தலை மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் அக்கா போன் செய்தாள்.

"வீடு மாத்திட்டோம்டி. இங்க குழந்தை இருக்கலாம். அடுத்த தெருவிலேயே குழந்தைங்க காப்பகம். ஒரே ஒரு கண்டிஷன், டின் பால் குடிச்சுப் பழகியிருக்கணும். உறைஞ்ச பாலெல்லாம் அவங்க வாங்கமாட்டாங்களாம். பழகிட்டான்னா அடுத்த தடவை வரும்போதே கூட்டிட்டு வந்துடுவோம்."

"பழகலைன்னா?"

"பழக்கு. நீதானே இருக்கே? ஆர்கானிக் ஆட்டுப்பால் டின்னா பார்த்து வாங்கு. என் கூட வேலை பார்க்கிறவ அதைத்தான் கொடுக்கிறா. அவ பையன் கொழுகொழுன்னு இருக்கான்."

"இவன் ஏற்கெனவே உருண்டைதானேக்கா? இன்னும் ஊதினா வாசல் வழியா கொண்டுபோக முடியாது."

அக்கா சிரித்தாள். பாதியிலேயே அந்தச் சிரிப்பு மூக்குறிஞ்சலாகிவிட்டது. "என்னால கொடுக்க முடியலை. கடையில வாங்கறதாவது நல்லதா இருக்கட்டும்டி," என்றாள்.

மருந்துக்கடையில் டின்கள் கூரை வரை ஏறியிருந்தன. எனக்குக் கடையில் வாயைத் திறந்து கேட்க வராது. அதனால் ஆட்டுக்குட்டிப் படம் போட்ட டின் ஒன்றை நானே எடுத்துக்கொண்டு பணம் கட்டும் இடத்துக்குப் போனேன். கடைக்கார அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தாள்.

"யாருக்கு இது?"

"குழந்தைக்கு."

"வை கீழே. இது வெறும் பால் பவுடர். பெரியவங்க காப்பியில போட்டுக் குடிக்கிறது. கைக்குழந்தைக்குக் கொடுத்தா வம்பு."

"குட்டி படம் போட்டிருந்ததுக்கா…"

"சோப்பு மேலகூடத்தான் பழம் போட்டிருக்கு, கடிச்சுத் தின்னுவியா? ஏன், மாட்டுப்பால் ஒத்துக்கலையா குழந்தைக்கு?"

"அப்படியில்லைக்கா. ஆட்டுப்பால்தான் ஒசத்தின்னு சொன்னாங்க."

"சொல்றவங்க சொல்லிட்டுப் போயிடறாங்க. மாட்டுப்பால் ஒத்துக்காத குழந்தைக்குப் பெரும்பாலும் ஆட்டுப்பாலும் ஒத்துக்காது. ரெண்டும் அக்கா தங்கச்சிங்க. ஒத்துக்கிற குழந்தைக்கு ரெண்டுமே சரிதான். எத்தனை மாசம் உன் பிள்ளைக்கு?"

உன் பிள்ளை என்றாள். நான் திருத்தவில்லை. "அஞ்சுக்கா," என்றேன்.

அவள் ஏணி போட்டு ஏறி இரண்டு டின்களை இறக்கினாள். இரண்டிலும் பச்சை இலை முத்திரை, இரண்டிலும் ஒன்றாம் எண். "ரெண்டும் குழந்தைக்குன்னே செஞ்ச ஆர்கானிக் ஆட்டுப்பால்தான். பிறந்ததிலிருந்து கொடுக்கலாம். இதுல பால் சர்க்கரை மட்டும்தான், தாய்ப்பால்ல இருக்கிற மாதிரி. அதுல மாவுலேர்ந்து எடுத்த சர்க்கரையும் சேர்த்திருக்கான். எது வேணும்?"

நான் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்தைப் படிப்பது போலத்தான் நின்றேன். மனதில் ஓடியது வேறு. பழகாவிட்டால் அவன் போகமாட்டான்.

"எதைக்கா குழந்தைங்க துப்பும்?"

"ரெண்டையும் துப்பும். நாமதான் விடாம கொடுக்கணும்."

எனக்குப் பின்னால் நின்றவர் செருமினார். பால் சர்க்கரை மட்டும் உள்ள டின்னை அவள் பக்கம் தள்ளினேன். அவன் வயிற்றுக்குள் போகப்போவது. அதில் எப்படி விளையாடுவது?

டின்னோடு வந்த கரண்டியில் அளந்து, கத்தியால் தலை தட்டி, சொன்ன அளவு தண்ணீரில் கலக்கினேன். மணிக்கட்டில் சொட்டு விட்டுச் சூடு பார்த்தேன். நைட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உருண்டை வழக்கம்போல மூக்கைப் புதைத்து, ஆசையாக ஒரு வாய் இழுத்தான். உடனே நாக்கால் தள்ளிவிட்டு வீறிட்டான். அப்படியொரு அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை. யாரோ ஏமாற்றிவிட்டது போல அழுதான்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும்.

"குடிச்சானாடி?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம், "இல்லைக்கா," என்றேன். பொய் இல்லை. ஆனால் சொல்லும்போது என் குரல் எவ்வளவு லேசாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. போனை வைத்ததும் ஒரு பையை எடுத்து வெந்நீரில் போட்டு உருக்குவேன். அக்காவின் பாலைக் குடித்துவிட்டு என் மடியிலேயே தூங்குவான். மூலையில் இருந்த பைகள் குறைந்துகொண்டே வந்தன.

ஒருநாள் அவன் துப்பிய பால் நைட்டி முழுவதும் வழிந்து நாறியது. கழற்றி வாளியில் போட்டேன். என் பழைய சட்டையில் வெங்காய வாசனையும் துணி சோப்பு வாசனையும்தான் இருந்தன. புட்டியில் பாதிப் பால் மிச்சம் இருந்தது. கொட்டுவதற்கு முன் ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன்.

உருண்டை சட்டையை முகர்ந்தான். அங்கே தேடுவதற்கு ஒன்றும் இல்லை. முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இழுத்தான். நிறுத்தினான். மறுபடி இழுத்தான்.

அக்காவின் வாசனையைக் காட்டிவிட்டு வேறு பாலைக் கொடுத்திருக்கிறேன். அழாமல் என்ன செய்வான்? இப்போது நான் நானாக உட்கார்ந்திருந்தேன், பால் புதுப் பாலாக இருந்தது. காலி புட்டியைச் சப்பிக்கொண்டு, கண் கொட்டாமல் என்னையே பார்த்தான். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "இன்னிக்காவது?"

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். "குடிச்சுட்டான்க்கா," என்றேன். "உன் நைட்டியக் கழட்டிட்டுக் கொடுத்தேன். மிச்சமிருந்ததை முழுசும் குடிச்சான். உன் வாசனை வந்தா உன் பாலைத் தேடறான். அங்க முதல்ல மாமாவையே கொடுக்கச் சொல்லு."

"என்கிட்ட குடிக்கமாட்டானா?"

"கொஞ்ச நாளைக்குத்தான்க்கா."

அக்காவும் மாமாவும் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டின், கரண்டி, புட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக் கொடுத்தேன். வேறு டின் வாங்கினால் இந்தக் கரண்டியால் அளக்கக் கூடாது, அதிலேயே வேறு கரண்டி இருக்கும் என்று மாமாவிடம் சொன்னேன். "சரிங்க டாக்டரம்மா," என்றார் மாமா. அப்பா வாசல் வரை வந்து, திரும்பி உள்ளே போய்விட்டார். ஃப்ரீஸரில் மீதி இருந்த பைகளை என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் போன் அடித்தது. எடுத்ததும் உருண்டையின் அழுகைதான் கேட்டது.

"மாமா வேலைக்குப் போயிட்டார்டி. என்கிட்ட வாயே திறக்கமாட்டேங்கிறான். குளிச்சுட்டேன், துணி மாத்திட்டேன், எல்லாம் பண்ணிட்டேன். நீ ஏதாவது பேசேன்."

போனை அவன் பக்கத்தில் வைத்தாள். "டேய் உருண்டை," என்றேன். "குடிடா. எதுக்குடா இந்தக் கூப்பாடு? நல்ல பால்டா, நான்தான் பார்த்து வாங்கினேன்." அழுகை நின்றது. விக்கல் கேட்டது. பிறகு புட்டியின் சின்னச் சின்ன உறிஞ்சல் கேட்டது.

"குடிக்கிறான்," என்று கிசுகிசுத்தாள் அக்கா. கொஞ்ச நேரத்தில் உறிஞ்சல் நின்றது.

"டேய்…" என்றேன்.

"பேசாதடி. உன் குரல் வந்தா புட்டிய விட்டுட்டு போனையே பார்க்கிறான். என் முகத்தைப் பார்க்கமாட்டேங்கிறான். நீ சும்மா இரு."

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். உறிஞ்சல் மறுபடி தொடங்கியது. என் மூச்சு அங்கே கேட்டுவிடக் கூடாதென்று, போனை வாயிலிருந்து விலக்கிக் காதோடு மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன்.