யாளி குடியிருந்த இலுப்பை மரம்

வாசுதேவன் எழுதிய ‘யாளியைத் தேடிப் பதினோரு நாள்’ என்ற பயண நூலைப் படித்தவர்கள், அந்தப் பதினோரு நாளும் நான் அவரோடு நடுக்காட்டில் இருந்ததாக நம்புகிறார்கள். இருந்தேன், ஒன்றரை நாள். காடு என்பது கடப்பாக்கத்துக் கடற்கரையில் வரிசை பிடித்து நட்ட சவுக்குத் தோப்பு. அதை ஒட்டிக் கொஞ்சம் தாழம்புதர், கொஞ்சம் முந்திரி. மூன்றாம் அத்தியாயத்தில் வரும் ‘சூரியன் புகாத கானகம்’ அதுதான். அந்தச் சூரியன் புகாத இடத்தில் வெயில் பட்டு என் கழுத்து கறுத்துப் போனது.

வாசுதேவன் ரயில்வேயில் குட்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கல்பட்டில் எனக்கு அடுத்த தெரு. ஒரு தடவை மாமல்லபுரம் போய், புலிக்குகையின் யாளித் தலைகளை ஒன்றுவிடாமல் எண்ணிவிட்டு வந்து, “கண்ணால பார்க்காம ஒரு சிற்பி இத்தனை தலை செதுக்குவானா?” என்று கேட்டார். நான் சிவப்பிரகாசம், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். படம் போடுகிறவன் எதையும் பார்க்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் புத்தகத்துக்கு நான்தான் படம் என்று அவர் சொல்லியிருந்தார். மரியாதையாகத் தலையாட்டினேன்.

1974 மாசி மாதம், செய்யூர் வழியாகப் போகும் பஸ்ஸில் படை கிளம்பியது. ஒரு கோடாலி, ஒரு டார்ச் லைட், இரண்டு டிபன் கேரியர் நிறையத் தயிர்சாதம், என் படத்தாள். கடப்பாக்கத்தில் வழி காட்ட இருசப்பன் என்ற மீனவரும், மூட்டை தூக்க அவருடைய பங்காளி துரையும் சேர்ந்துகொண்டார்கள். இருசப்பனுக்கு நாற்பது வயது இருக்கும், பேச்சு குறைவு. புத்தகத்தில் அவர் ‘வனவாசிகளின் தலைவன்’. முதல் நாள் ஒரு கீரிப்பிள்ளையைப் பார்த்தோம். அது ஐந்தாம் அத்தியாயம்.

மறுநாள் காலை, தோப்பு முடிகிற இடத்தில் உயரமான ஓர் இலுப்பை மரம் நின்றது. அடியில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து. வாசுதேவன் குனிந்து முகர்ந்து பார்த்தார். வௌவால் நாற்றம் எட்டடி தள்ளி நின்ற எனக்கே அடித்தது.

“இதுதான் அதோட குகை. மரத்தைச் சாய்ச்சா எலும்பாவது கிடைக்கும்” என்று கோடாலியை இருசப்பனிடம் நீட்டினார். இருசப்பன் வாங்கவில்லை.

ஏன் என்பது எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. உங்களை அவ்வளவு நாள் காக்க வைப்பானேன்? கடலுக்கு அடியில் பாறை கிடக்கிற இடத்தில்தான் நல்ல மீன் சேரும். தண்ணீருக்கு மேல் அதற்கு ஓர் அடையாளமும் கிடையாது. கரையில் இரண்டு பொருளைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒன்றின் பின்னால் ஒன்று நேராக வரும்வரை கட்டுமரத்தைச் செலுத்துவார்கள். பிறகு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்ப்பார்கள். இருசப்பன் குடும்பத்துப் பாறைக்கு ஆலம்பரைக் கோட்டையின் உடைந்த சுவர் ஒரு குறி, அதற்குப் பின்னால் தலை காட்டும் இந்த இலுப்பை மறு குறி. அதை அப்பன் மகனுக்கு மட்டும்தான் சொல்வான். அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தப் பாறையால்தான். மரத்தை ஏன் வெட்டக்கூடாது என்று வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கும் துரைக்குத் தெரிந்துவிடும், துரைக்குத் தெரிந்தால் குப்பம் முழுக்க அங்கே வலை போடும்.

ஆகவே மனிதர் பொய் சொன்னார்.

“வெட்டாத சார். அது இதுலதான் கீது.”

“எது?”

“நீ தேடிகினு வந்தது. குட்டி போடறதுக்கு இங்கதான் வருது. மரம் போச்சுன்னா அப்பறம் வராது.”

“நீ பார்த்தியா? எப்படி இருந்தது?”

இருசப்பன் யோசித்தார். பாவம், யாளி என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. “மூஞ்சி சொறா மாதிரி கீது. நாலு காலு கீது” என்றார்.

வாசுதேவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோடாலி மூட்டைக்குள் போனது. கூலிக்காகக் கதை விடுகிறான் பார் என்று இருசப்பன்மேல் எனக்கு எரிச்சல். நான் மட்டும் என்ன ஒழுங்கு? மத்தியானமே சுறா மூஞ்சி யாளியை அந்த மரத்தடியில், ஓரத்தில் கோட்டைச் சுவர் தெரிய, உட்கார வைத்துப் படம் போட்டு முடித்தேன்.

புத்தகம் நன்றாகப் போனது. ஒரு மிருகம் இருக்கிறது என்றால் நாலு பேர் பார்க்க வருவார்கள், அது குட்டி போட்ட மரம் என்றால் குடும்பத்தோடு வருவார்கள். சனி ஞாயிறுகளில் வேன் வந்தது. மரப்பட்டையை அரைத்துக் கொடுத்தால் குழந்தைக்குக் காய்ச்சல் போகும் என்று எவனோ கிளப்பிவிட்டான். ஆளுக்கு ஒரு துண்டாக உரித்தார்கள். இரண்டு கோடையில் மரம் பட்டுப்போனது. ஒரு விறகு வியாபாரி அதை வாங்கி, வேர்க்கட்டை வரை தோண்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பினார். வேன் நிறுத்த வசதியாகக் குழியை மணல் போட்டு மூடி, சுற்றிலும் சமப்படுத்தினார்கள்.

1977இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருசப்பன் என் வீட்டுக்கு வந்தார். துணிப்பையில் வாசுதேவனின் புத்தகம். அவருக்குப் படிக்கத் தெரியாது, யாரோ படித்துக் காட்டியிருந்தார்கள். அன்றைக்குத்தான் பாறையைப் பற்றி எல்லாம் சொன்னார்.

“நாலு மாசமா பாறை சிக்கல வாத்தியாரே. மூணு எடத்துல நீட்டு மூங்கி நட்டுப் பார்த்தேன். கரையில பத்தடி தப்பினா கடல்ல எங்கயோ இட்டுகினு பூடுது. எங்க கல்லை வுட்டாலும் மணல்தான்.”

பெண்டாட்டி அக்கா வீட்டில் அரிசி கேட்கப் போயிருக்கிறாள் என்றும் சொன்னார். பிறகு என் படம் இருந்த பக்கத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

“அந்த மனுசன் எழுதினது பூரா டூப்பு. நான் சொன்னதும் டூப்பு. நீ ஒருத்தன்தான் நேர்ல குந்திகினு பார்த்துப் போட்ட. செவுரும் கீது, மரமும் கீது. செவுத்துலேர்ந்து மரம் எத்தினி தள்ளிகீதுன்னு அளந்து சொல்லு, போதும்.”

இடது ஓரத்தில் சுவர், வலது ஓரத்தில் மரம், நடுவில் அந்தச் சனியன். அதற்கு இடம் பத்தவில்லை என்று மரத்தை நான்தான் நகர்த்திப் போட்டிருந்தேன்.

இதை அவரிடம் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மேஜையிலிருந்த என் அடிக்கோலை எடுத்துக் கையில் கொடுத்தார்.

“செரி. எத்தினி நகர்த்தின? அத்தச் சொல்லு.”

எனக்கு நினைவில்லை.