அருள்நாயகி அன்ரியின் அலுமாரியில் நின்ற ஜனாதிபதி

ரொறன்ரோவில் வந்து இறங்கிய அன்று ஜனாதிபதி ஒட்டொகார் கழுத்துவரை பளிங்குக் கண்ணாடியாக இருந்தார். கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பத்தரை, வெளியே மைனஸ் நான்கு. விமானநிலையத்து அதிகாரி பாஸ்போட் படத்தையும் ஆளின் முகத்தையும் ஒத்துப்பார்த்தான். முகம் இன்னும் சதைதான் என்றபடியால் முத்திரையைக் குத்தி விட்டுவிட்டான். கோட்டின் பொத்தான் இடைவெளியால் புகுந்த வெயில் மறுபக்கம் வெளியேறி, பின்னால் நின்ற மெய்க்காப்பாளரின் வெள்ளைச் சேட்டில் ஒரு சின்ன வானவில்லைப் போட்டது. மெய்க்காப்பாளர் பழக்கதோஷத்தில் அதைத் தூசிபோலத் தட்டிவிட்டார்.

அவருடைய நாடு ஐரோப்பாவின் நடுவில் இருக்கிறது. வரைபடத்தில் பெருவிரலை வைத்தால் அயல்நாடுகள் இரண்டோடு சேர்ந்து மறைந்துவிடும். கடல் இல்லை, எண்ணெய் இல்லை. லொவெனிக் என்ற ஆற்றங்கரை ஊரில் முந்நூறு வருஷமாக ஊதிவரும் பளிங்குக் கிண்ணங்களும் குவளைகளும்தான் இருக்கின்றன. ஆகவே அந்த நாட்டு ஜனாதிபதி எங்கே அரசமுறைப் பயணம் போனாலும் விருந்தில் ஒரு லொவெனிக் குவளையை உயர்த்தி, விளிம்பில் நகத்தால் ஒருதரம் தட்டி, அந்த ஓசை அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் வாய் திறக்கவேண்டும். அடுத்தநாள் படம் பத்திரிகையில் வரும், அதற்கடுத்தநாள் ஓடர் வரும். ஒட்டொகார் முதல் பயணத்தில் தட்டியபோது சின்னவிரல் நகம் பளிங்கானது. நாலாம் பயணத்தில் மணிக்கட்டு. ஒன்பதாம் பயணத்தில் நெஞ்சு தெளிந்து, இதயம் அடிப்பது வெளியே தெரிந்தது. வைத்தியர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. குவளை ஊதும் கம்பனிக்கும் சந்தோஷம். விலைப்பட்டியலின் ஆறாம் பக்கத்தில் அவருடைய முழங்கையைப் போட்டார்கள். ரொறன்ரோ பதினைந்தாவது பயணம்.

இந்தப் பயணத்தை நம்பி ஸ்காபரோவில் ஒருத்தி இருந்தாள். கொத்துரொட்டிக் கடைக்கும் கார் ஓட்டப் பழக்கும் பள்ளிக்கும் நடுவில் லொவெனிக்கின் ஒரேயொரு கனடாக் கிளையை நடத்திய கௌசி. ஏழு வருஷமாக அவளுக்கு ஒரே தலையிடி. எங்கட சனம் கிறிஸ்ரலை விரும்பும், ஆனால் பாவிக்காது. கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடும். பாவிக்காதது உடையாது, உடையாததுக்கு இன்னொன்று வாங்கத் தேவையில்லை. அதைவிட மோசம், புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்த கிண்ணம் பெட்டியும் பிரிக்காமல் அடுத்த பிறந்தநாளுக்குப் போகும், அங்கிருந்து பெரியபிள்ளையான பெட்டையின் சாமத்திய வீட்டுக்குப் போகும். முதல் வருஷத்தில் விற்ற பதினொரு கிண்ணங்கள்தான் ரொறன்ரோ முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று கௌசி சந்தேகப்பட்டு, ஒன்றின் அடியில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்துப் பார்த்தாள். மூன்றாம் வருஷம் அவளுடைய கலியாண நாளுக்கே அது பரிசாக வந்து சேர்ந்தது. தலைமையகம் கடிதம் போட்டது: ஜனாதிபதி வந்துபோய் மூன்று மாதத்துக்குள் இருநூறு செற் விற்கவேண்டும், இல்லாவிட்டால் கடையைப் பூட்டிச் சாவியை அனுப்பவும்.

ஜனாதிபதி முதலில் கடைக்குத்தான் வந்தார். இருவரும் பேசியது ஆங்கிலம். பக்கத்துக் கொத்துரொட்டிக் கடைக்கு அந்தப் பேச்சு தமிழாகி வந்து சேர்ந்தது இப்படி:

“இஞ்சத்தைச் சனம் எங்கட சாமானை எப்பிடிப் பாவிக்கினம்?”

கௌசிக்குப் பொய் மனப்பாடமாக இருந்தது. ஆனால் அவருடைய நெஞ்சுக்குள்ளால் எதிர்ச்சுவர் மணிக்கூடு தெரிந்தபோது, அப்படித் தெரிகிற மனுசனிடம் எதை ஒளிப்பது என்று பட்டது.

“பாவிக்கிறேல்லை சேர். அலுமாரிக்க வச்சுப் பூட்டிப்போடுவினம்.”

“ஒருத்தரும் தட்டிப் பாக்கமாட்டினமோ?”

“தட்டுறதோ? பிள்ளையள் கிட்டப் போனாலே அடி விழும்.”

ஜனாதிபதி கண்ணை மூடிக்கொண்டார். நல்ல பாட்டொன்று தூரத்தில் கேட்டால் ஆட்கள் மூடுகிற மாதிரி.

மதிய விருந்து மண்டபத்தில் அவர் குவளையைத் தட்டவேயில்லை. தட்டுமுன்பே வரவேற்புக் குழு பன்னீர் தெளித்து, பொன்னாடை போர்த்தி, மேடைக்கு ஏற்றிவிட்டது. நிகழ்ச்சிநிரலில் ‘படம் எடுத்தல், ஐந்து நிமிடம்’ என்று இருந்தது. அதை எழுதிய வெளிநாட்டு அதிகாரி எங்கட மண்டபம் ஒன்றையும் கண்டவரில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் வரிசையில் நின்றன. குடும்பமாக ஒன்று, பிள்ளைகளோடு ஒன்று, பிறகு அக்கா கார் பார்க் பண்ணிவிட்டு வந்ததும் இன்னொன்று. தட்டினால் மட்டும்தான் ஆள் மாறும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஃபிளாஷ் பட்டாலும் மாறும் என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது. நூறாவது குடும்பத்தில் தாடை தெளிந்தது. கௌசி ஓடிப்போய்க் கமராக்காரனை மறித்தாள். கும்பிட்ட கையோடு நின்ற ஜனாதிபதி, இன்னும் எத்தனைபேர் என்று கேட்டார். கனபேர் என்றாள்.

“விடுங்கோ பிள்ளை,” என்றார். “பன்ரண்டு வருசத்தில இண்டைக்குத்தான் ஒருத்தரும் என்னட்ட ஓசை கேக்கேல்லை.”

கடைசிக் குடும்பம் இறங்கியபோது அவர் உச்சந்தலைவரை பளிங்கு. கும்பிட்டபடி, சின்னதாய்ச் சிரித்தபடி.

விமானம் நாலு மணிக்கு. கண்ணாடிப் பொருளென்றால் சரக்குப் பத்திரம் வேண்டும், ஜனாதிபதியென்றால் ஆசனத்தில் இருந்து பெல்ற் போடவேண்டும் என்று விமானநிறுவனம் சொன்னது. தூதரகம் அரசியலமைப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஜனாதிபதி எதனால் ஆனவராக இருக்கவேண்டும் என்று அதில் இல்லை, ஆகவே பயணம் இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான் என்றது. கௌசி மண்டபத்துப் படியில் இருந்து அழுதாள். அப்போது வரவேற்புக் குழுத் தலைவி அருள்நாயகி அன்ரி, பொன்னாடையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தபடி வந்தார்.

“ஏன் பிள்ளை அழுறாய்? என்ர அலுமாரி ஆறடி. நடுத்தட்டுகளைக் கழட்டினால் ஆள் வடிவாய் நிப்பார்.”

கௌசியின் புருஷன் டெனிஸ்டன் பிறம்ரனில் ட்ரக் ஓடுகிறவன், உடையிற சாமான் கட்டுவதில் கைதேர்ந்தவன். நாலு கம்பளியும் ஆறு பட்டியும் போட்டு ஜனாதிபதியைத் தன் வான் வண்டியில் ஏற்றினான். “பதினெட்டு வருசமாய் ஓடுறன், பெட்டியில ‘இந்தப் பக்கம் மேல’ எண்டு எழுதத் தேவையில்லாத முதல் சாமான் இதுதான்,” என்று சொல்லிக்கொண்டு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடினான்.

ஜனாதிபதி வந்து அலுமாரியில் நின்ற நாளிலிருந்து அந்த அப்பார்ட்மெண்டில் பின்னேரம் மூன்றுமணி வெயில் வேறுமாதிரி விழுந்தது. சுவரில் ஒரு ஆறும் பாலமும் நிற நிறமாய் அசைந்தன. கீழே பஸ் போகும்போதெல்லாம் அவர் மெல்ல முரன்றார், குசினி ஃபிரிட்ஜின் சத்தத்தைவிடக் கொஞ்சம் இனிமையாக. வீட்டிலிருந்த ஐந்துபேரும் ஒரே கனவைக் கண்டார்கள்: பனி கொட்டுகிற பாலம், அதில் நடந்து போகிறார்கள், எதிரே வருகிறவர்கள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, எங்கே வேலை, எப்ப கலியாணம், ஒன்றுமேயில்லை. அன்ரியின் மருமகன், அந்த வீட்டில் பதினாறு வருஷம் வாய் திறக்காதவர், காலையில் எழும்பி எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டார்.

கௌசிதான் நித்திரை இல்லாமல் இருந்தாள். இரண்டு மாதத்தில் ஒன்பது செற்தான் விற்றிருந்தது. தலைமையகத்திலிருந்து இரண்டாம் கடிதம் வந்தது: ஜனாதிபதியின் நெற்றியில் ஒருதரம், ஒரேயொருதரம் தட்டி, அந்த ஓசையை ஒலிப்பதிவு செய்து அனுப்பவும், விளம்பரத்துக்கு அது போதும், கிளை நிலைக்கும். கௌசி ஒலிவாங்கியோடு அன்ரி வீட்டுக்குப் போனாள். அன்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார்.

“உது என்ன விசர்க்கதை? ஆளைத் தட்டிப் பாக்க உவர் என்ன தேங்காயே?”

“தட்டாட்டில் கடை போகும் அன்ரி.”

அன்ரி அலுமாரித் திறப்பைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்துவிட்டு, குசினிக்குள் போய்விட்டார். கௌசி அலுமாரியைத் திறந்தாள். கையை உயர்த்தினாள். அவருடைய பளிங்கு நெற்றிக்குள்ளால் ஆற்றின் நிறம் அவளுடைய விரலில் விழுந்தது. கீழே ஒரு பஸ் போனது, அவர் முரன்றார், பிறகு அடங்கினார். அவள் ஒலிவாங்கியைக் கைப்பையில் போட்டுவிட்டு, மெத்தென்ற துணியொன்றை எடுத்து அவருடைய காதுமடல் இரண்டையும் துடைத்து, அலுமாரியைப் பூட்டித் திறப்பைக் குசினிக்குள் கொண்டுபோய்க் கொடுத்தாள். தலைமையகத்துக்கு ஒரு வரி எழுதினாள்: இங்கே அலுமாரி திறக்கிற வழக்கம் இல்லை.

கடையைப் பூட்டுவதற்காகக் கௌசி பெட்டிகளை அடுக்கத் தொடங்கிய கிழமைதான் விட்பியில் அன்ரியின் பெறாமகள், தங்கச்சியின் மகள், லக்ஷிகாவுக்குக் குடிபூரல் வந்தது. புதுவீட்டுக்கு என்ன கொடுப்பது என்று அன்ரி யோசித்தார், அலுமாரியைப் பார்த்தார். தங்கநிறக் கடதாசியில் சுற்றி, இடுப்பில் சிவப்பு ரிப்பன் கட்டி, டெனிஸ்டனின் வானில் ஏற்றி அனுப்பினார். லக்ஷிகாவின் அலுமாரி புதிது, வெறுமை. அவ்வளவு பெரிய மனுசன் தனிய நிற்பது பார்வைக்குச் சரியில்லை என்று காலடியில் வைக்க மூன்று செற் வாங்கினாள். அவர் இல்லாத அன்ரியின் அலுமாரி பொக்கையாய் இருந்தது. அன்ரி நாலு செற் வாங்கினார். பங்குனி பிறக்குமுன் ஜனாதிபதி விட்பியிலிருந்து பிறம்ரனுக்கு ஒரு சாமத்திய வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஐம்பதாவது பிறந்தநாள் ஒன்றுக்காக ஸ்காபரோ திரும்பினார். வந்த வீடும் வாங்கியது, போன வீடும் வாங்கியது, அடுத்து வரக்கூடும் என்று நம்பிய வீடுகள் முன்கூட்டியே வாங்கின. போன இடமெல்லாம் பாலமும் பனியும் கூடவே போயின. கெடு முடிய நாலு நாள் இருக்க, இருநூற்றேழாவது செற் விற்றது. சாவி அனுப்பவேண்டாம் என்று தலைமையகம் எழுதியது.

பயணம் இன்னும் முடியவில்லை. இப்போது ஆறாவது வருஷம். வேறுநாட்டுத் தலைவர்கள் கனடா வந்தால், நாட்டில் தங்கியிருக்கிற இன்னொரு ஜனாதிபதியை முறைப்படி சந்திக்கவேண்டும் என்று அவர்களுடைய அதிகாரிகள் வற்புறுத்துகிறார்கள். அந்தந்த மாதம் அவர் எந்த வீட்டில் என்று கௌசிக்குத்தான் தெரியும் என்பதால், மந்திரி அலுவலகங்களிலிருந்து கடைக்கு ஃபோன் வருகிறது. கறுப்புக் கார்கள் வந்து நிற்கின்றன. பிரதமர்களும் அரசர்களும் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, பிளாஸ்ரிக் உறை போட்ட சோபாவில் வரிசையாக இருந்து, அலுமாரியைப் பார்த்துத் தலை வணங்குகிறார்கள். உள்ளே ஜனாதிபதி, இருநூறு குவளைகள் நடுவில், கும்பிட்டபடி நிற்கிறார். தேத்தண்ணி வருகிறது. பாங்கில் கணக்குத் திறந்தபோது சும்மா கொடுத்த கோப்பைகளில்தான் வருகிறது. போன ஆவணியில், ஜனாதிபதி சுற்றிவந்து மறுபடி அன்ரி வீட்டில் நின்றபோது, ஒரு அரசர், அந்தப் பளிங்குக் குவளை ஒன்றில் தனக்குத் தண்ணீர் தரமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

“அது பாவிக்கிறதுக்கில்லை தம்பி,” என்றார் அருள்நாயகி அன்ரி. “உதிலயே குடியுங்கோ, ஆறப்போகுது.”

அரசர் குடித்தார்.